மேகலா அந்தக் காரில் ஏறுவதற்கு முன்

தம்பி,

நாளைக் காலையில் உன் மனைவிக்கு வளைகாப்பு. மாலையில் அவளை உன் காரில் ஏற்றிக்கொண்டு, விழுப்புரத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடப் போகிறாய். அவள் அந்தக் காரில் ஏறுவதற்கு முன் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விஷயம் ஒன்றுதான். ஆனால் ஆயுள் முழுக்கச் சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் கரும்புச் சாற்றைச் சோதித்தவனுக்கு எதையும் வரிசைப்படுத்தாமல் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே முதலில் வரிசையை எழுதிவிடுகிறேன்.

1. இதை உன்னிடம் நேரில் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பதே சரி.
2. மேகலாவுக்கு வரும் தலைவலி வெயிலாலும் வரவில்லை, பிள்ளை உண்டாகியிருப்பதாலும் வரவில்லை.
3. எஞ்சின் மூடியின்மேல் நீ பொருத்தியிருக்கும் பிரீதரிலிருந்து கிளம்பும் புகை காருக்குள் வருகிறது.
4. அந்தப் புகையை உள்ளே அடைத்து வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.
5. உன் வேலையை நான் மதிக்கவில்லை என்று நீ நினைப்பது சரியல்ல.
6. நாளை மாலை மேகலா அந்தக் காரில் போகக் கூடாது. போகத்தான் வேண்டுமென்றால், அதற்குள் சில வேலைகளை நீ செய்து முடிக்க வேண்டும்.

இதே வரிசையில் எழுதி முடிப்பேனா தெரியவில்லை. காலையிலிருந்து மாடி அறையில் உட்கார்ந்து தொடங்கித் தொடங்கிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது இதை உன்னிடம் சொல்ல வாய் திறந்தேன். உனக்கு நினைவிருக்காது. உன் கூட்டாளி ஜாபரும் நம் வீட்டில்தான் சாப்பிட்டான். நான், "தம்பி, அந்த பிரீதர் இருக்குதில்ல..." என்று ஆரம்பித்தேன். நீ இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பா, இன்ஜின் மூச்சு விடறதுக்குத்தான் பிரீதர். அதுக்கும் பயமா? நீங்க பயப்படாத ஐட்டம் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்" என்றாய். ஜாபர் உடனே, "அங்கிள் காஸ் சிலிண்டர் மாத்தறப்பவே ஹெல்மெட் போட்டுக்கினுதான் மாத்துவாரு" என்றான். மேகலா சிரித்தாள், உன் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததோடு பேச்சு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ரசம் வந்தது, மழை வருமா என்று பேசினோம்.

நான் எப்போதும் இப்படித்தான். எதிராளி கொஞ்சம் குரலை உயர்த்தினால் என்னிடமே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒருவேளை இவன் சொல்வதுதான் சரியோ, நாம்தான் வீணாகப் பயப்படுகிறோமோ என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். யோசித்து முடிப்பதற்குள் எதிராளி எழுந்து கை கழுவப் போயிருப்பான். தாளில் அந்தத் தொல்லை இல்லை. தாளை நீ குறுக்கே பேசி நிறுத்த முடியாது. ஒரு தடவை படித்துக் கோபம் வந்தால் வைத்துவிட்டு மறுபடியும் படிக்கலாம். தவிர, நாளைக்கு வீடு நிறைய ஜனம் இருக்கும். மேகலாவின் அப்பா வந்திருப்பார். அவர் எதிரில் உன் காரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னாலும் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே எழுதுவதே சரி. இந்தக் கடிதத்தை உன் டிரைவர் சீட்டில் வைத்துவிடுவதாக இருக்கிறேன்.

இனி இரண்டாவது. வளைகாப்புக்கு நாள் குறிக்க நாம் நால்வரும் விழுப்புரம் போனோமே, அன்றுதான் முதலில் எனக்கு அது தெரிந்தது. நீ ஓட்டினாய், உன் அம்மா முன்னால் உட்கார்ந்தாள், நானும் மேகலாவும் பின்னால். திண்டிவனம் தாண்டி வேகம் பிடித்தபோது சுகமாகத்தான் இருந்தது. மேம்பால வேலை நடக்கிற இடத்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போனோம். அப்போது நெற்றியை யாரோ துணியால் இறுக்கிக் கட்டுவதுபோல் இருந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் அது கூடியது. மூக்குக்கண்ணாடியின் பவர் மாற்ற வேண்டும் போலிருக்கிறது, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் மேகலா பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து முகர்ந்துகொண்டிருந்தாள். திரும்பி வரும்போது உன் அம்மா தூங்கிவிட்டாள். நாற்பது வருஷமாக அவளோடு பயணம் போகிறேன், ஓடுகிற வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அதையும் நான் அசதி என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் நீ மேகலாவை விழுப்புரத்துக்கு டாக்டரிடம் இரண்டு முறை அழைத்துப் போனாய். இரண்டு முறையும் வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டாள். டாக்டர் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, ரத்தமும் குறையவில்லை என்று சொல்லிவிட்டார். வெயில் என்று நீ சொன்னாய். இந்த மாசத்தில் அப்படித்தான் இருக்கும் என்று உன் அம்மா சொன்னாள். ஸ்கேன் எடுக்கப் போன அன்று உனக்கு உன் கார் ஷெட்டில் வேலை இருந்ததால் மாமியாரும் மருமகளும் பஸ்ஸில் போனார்கள். அன்று நல்ல வெயில். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். அவள் பாவம் என்னவாகி வரப்போகிறாளோ என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"தலைவலி இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"அட, கேட்ட பிறகுதான் மாமா நெனப்பே வருது. ஒண்ணும் இல்ல. ஒரு அண்ணன் ஜன்னல் சீட்டு குடுத்தாரு. அத்தையும் நானும் மல்லாட்டை உரிச்சுத் துன்னுக்கினே வந்துட்டோம். பஸ்ஸுதான் மாமா எனக்கு ஒத்துக்குது, உங்க புள்ள கிட்ட சொல்லிடாதீங்க, கோவிச்சுக்குவாரு."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு விளையாட்டாகப் படவில்லை. வெயில் என்றால் பஸ்ஸிலும் வர வேண்டும். பிள்ளைத்தாச்சி மயக்கம் என்றால் அவளுக்கு மட்டும்தான் வர வேண்டும், எனக்கு எப்படி வந்தது? காரில் மட்டும் வருகிறது. காரிலும் ஓடும்போது இல்லை, நிற்கும்போது வருகிறது. ஆய்வகத்தில் இப்படித் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது.

மூன்றாவது கருத்தை நீ எனக்குச் சொல்லித் தர வேண்டியவன். ஆனாலும் நான் புரிந்துகொண்டது சரிதானா என்று நீ பார்ப்பதற்காக எழுதுகிறேன். பிஸ்டன் மேலே நெருப்பு எரிகிறது. அந்த அழுத்தத்தில் கொஞ்சம் எரிந்த வாயுவும் எரியாத பெட்ரோலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெய் இருக்கும் பகுதிக்கு இறங்கிவிடுகிறது. எந்த எஞ்சினிலும் இது நடக்கும். அதை வெளியே விடாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் சீல்களைப் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே கார் செய்தவர்கள் மேல்மூடியிலிருந்து ஒரு குழாய் போட்டு, ஒருவழி வால்வு வைத்து, அந்த வாயுவை எஞ்சினே உறிஞ்சி மறுபடி எரித்துவிடும்படி வைத்திருந்தார்கள். எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்க நீ டர்போ போட்டபோது அந்தக் குழாயைக் கழற்றினாய். அது போய்ச் சேர்ந்த துளையை அடைத்தாய். மூடியின்மேல் ஒரு சின்னச் சிவப்பு வடிகட்டியை வைத்தாய். அதுதான் பிரீதர். எஞ்சின் விடும் மூச்சு இப்போது பானெட்டுக்கு அடியிலேயே திறந்து நிற்கிறது.

அந்தக் குழாயைப் பழையபடி மாட்டிவிட்டால் போதுமே என்று ஒருநாள் கேட்டேன். "டர்போ காத்த அமுக்கறப்போ அந்தப் பக்கம் உறிஞ்சாதுப்பா, திருப்பி அடிக்கும். கீழ எண்ணெ இருக்கிற கிராங்க் கேஸுக்குள்ளயே ஊதிடும்" என்றாய். ஒருவழி வால்வு இருக்கிறதே என்றேன். "அது பழைய அழுத்தத்துக்குச் செஞ்சது. இதைத் தாங்காது" என்றாய். நான் போய்ப் படித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அந்த விஷயத்தில் நான் வாய் திறக்கக் கூடாது. ஆனால் குழாயைக் கழற்றியது சரி என்பதால், வாயுவைப் பானெட்டுக்கு அடியில் விடுவதும் சரியாகிவிடாது.

போன மாதம், நாள் குறிக்கப் போவதற்குச் சில நாள் முன்னால், எஞ்சின் சூடு வெளியேறட்டும் என்று பானெட்டின் கீல்களுக்கு அடியில் வாஷர்கள் வைத்துப் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கினாய். அங்கே இருந்த ரப்பர் பட்டையையும் எடுத்துவிட்டாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்கண்ணாடியின் அடியில், அந்த இடுக்குக்கு நேர் எதிரில்தான் காருக்குள் காற்று இழுக்கும் வாய் இருக்கிறது. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அங்கே அழுத்திப் புகையை மேலே வர விடாது. நின்றுவிட்டால் சூட்டோடு புகையும் அந்த இடுக்கு வழியாக எழும்பும். ஏசியின் புளோயர் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுங்கச்சாவடியில் தலைவலி ஏன் கூடியது என்பதற்கு எனக்கு இதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

நீ ஒலக்கூர் பக்கம் ஜாபரின் பைக்கில் போயிருந்த ஒரு பகலில் நான் ஒரு சோதனை செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. மருந்துக் கடையிலிருந்து ரப்பர் கையுறை வாங்கி வந்தேன். பிரீதரைக் கழற்றிவிட்டு அது இருந்த குழாய் வாயில் கையுறையை ரப்பர் பேண்டால் கட்டினேன். எனக்குக் காரைக் கிளப்பத் தெரியாது. மேகலாவைக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன், திருப்பியதும் இறங்கித் தள்ளி நிற்கச் சொன்னேன். கையுறை கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒவ்வொரு விரலாக எழும்பியது. ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு மேலே நின்று ஆடத் தொடங்கியது.

"மாமா, யாரோ டாட்டா காட்டறாங்க!" என்று மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெடிப்பதற்குள் அவிழ்த்துவிட்டு, எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். பிரீதரை மறுபடி மாட்டியபோது அதைத் துடைத்த கைக்குட்டையில் பழுப்பாகக் கறை படிந்தது. அதை உன் அம்மா இரண்டு தடவை துவைத்தும் பெட்ரோலும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை போகவில்லை. அந்த வாடை வருகிறதே, அது ஒரு வகையில் நல்லது, எச்சரிக்கிறது. அதோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலையை இறுக்குவது அதுதான். வயிற்றில் இருக்கும் பிள்ளை தாயின் ரத்தத்திலிருந்துதான் பிராணவாயுவை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை இது பிடித்துக்கொள்ளும். இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

எவ்வளவு வருகிறது என்று நான் அளக்கவில்லை. அளக்கும் கருவி என்னிடம் இல்லை. மிகக் கொஞ்சமாகவும் இருக்கலாம். சைலன்சர் இணைப்பில் கசிவு இருக்குமோ என்றும் யோசித்தேன். நீயும் ஜாபரும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததை நானே பார்த்தேன், குமிழி வரவில்லை. ஆகவே பிரீதர் என்கிறேன். நான் தவறாகவும் இருக்கலாம். இந்த வாக்கியத்தை எழுதாமல் எனக்கு எதையும் எழுதி முடிக்க வராது.

நான்காவது கருத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் காலையிலிருந்து தயங்கினேன். மேகலா உண்டானதிலிருந்து காரில் ஏறும்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றச் சொன்னது நான். மேம்பால வேலையில் தூசு பறக்கிறது, பிள்ளைத்தாச்சி அதைச் சுவாசிக்கக் கூடாது என்றேன். நீ இறக்கினால்கூட நான் பின்னாலிருந்து, "ஏத்துப்பா, ஏத்துப்பா" என்றேன். மேகலாவின் அம்மாவுக்கு வேறு காரணம். போகிற வழியில் காற்று கருப்பு அண்டக் கூடாது, பொண்ணு கையில் வேப்பிலை இருக்க வேண்டும், கண்ணாடி மூடியிருக்க வேண்டும் என்பார். நாள் குறித்த அன்று அவர், "வளையல் போட்டப்புறம் பொண்ணு வாசப்படி தாண்டுனா, வழியில எங்கயும் எறங்கக் கூடாது சம்பந்தி. நேரா எங்க வூட்டு வாசல்லதான் கால் வைக்கணும்" என்றார். நான் படித்தவன், எனக்குக் காற்று கருப்பில் நம்பிக்கை இல்லை. ஆனால் தூசில் நம்பிக்கை இருந்தது. ஆகவே, "ஆமாங்க, நடுவுல எதுக்கு நிறுத்தணும்?" என்று நானும் தலையாட்டினேன். அவர் காற்று கருப்புக்காகவும் நான் தூசுக்காகவும் அந்தக் கண்ணாடியை ஏற்றினோம். நாளை மாலை அந்தக் காரில் மேகலாவும் அவள் அம்மாவும் அவள் அப்பாவின் தங்கையும் கட்டுச்சோற்றுத் தூக்குகளோடு ஏறி உட்காருவார்கள். நான்கு கண்ணாடியும் மூடியிருக்கும். தலை சுற்றினாலும் அவளை யாரும் இறங்கவிட மாட்டார்கள். அவளும் கேட்க மாட்டாள். சுங்கச்சாவடியில் நாளை முகூர்த்தக் கூட்டம் வேறு இருக்கும்.

நம் வீட்டுக் கழிவறைத் தொட்டி விஷயம் உனக்கு நினைவிருக்கிறதா? நீ அப்போது பத்தாவதோ பதினொன்றாவதோ படித்துக்கொண்டிருந்தாய். தொட்டியின் காற்றுக் குழாய் வழியாகக் கொசு வருகிறது என்று நான் ஏணி வைத்து ஏறி, அதன் வாயைச் சிமெண்ட் போட்டு ஒரேயடியாக அடைத்துவிட்டு வந்தேன். கொசு நின்றது. நான்காம் நாள் குளியலறை ஓட்டையிலிருந்து வீட்டுக்குள் நாற்றம் வர ஆரம்பித்தது. பினாயில் ஊற்றினேன், கர்ப்பூரம் வைத்தேன், பக்கத்து வீட்டுச் சாக்கடையைக் குறை சொன்னேன். உன் அம்மாதான், "அதுக்கு மேல போற வழிய அடச்சுட்டீங்க, அது நம்ம வழியில வருது. இதுக்கு என்னா கெமிஸ்ட்ரி வேணும்?" என்றாள். நீ சுத்தியலோடு ஏறி அந்தச் சிமெண்டை உடைத்தாய். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துடா, பார்த்துடா" என்று கத்திக்கொண்டிருந்தேன். அடைப்பதில் எனக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை. கதவு, ஜன்னல், மருந்துப் புட்டி, பேச்சு, எதையும் மூடி வைத்தால் பத்திரம் என்று நினைத்தே வளர்ந்தேன், உன்னையும் அப்படியே வளர்க்கப் பார்த்தேன். நல்லவேளை, நீ அப்படி வளரவில்லை.

இது என்னை ஐந்தாவது கருத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. நிச்சயதார்த்தத்தின்போது மேகலாவின் அப்பா, நீ கேட்கும்படியாகவே, "மாப்பிள்ளை படிச்ச படிப்புக்கு வேலைக்குப் போகாம காரு கீரு நோண்டிக்கினு இருக்காராமே" என்றார். நான் அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். காபி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நீ அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. நாளை மாலை விழுப்புரத்தில் அவருடைய தெருவில், நீயே கையால் கட்டிய எஞ்சினோடு, அவருடைய பெண்ணை இறக்கிவிட வேண்டும் என்பதில் உனக்கு என்ன இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டுதான் இருக்கிறேன். இரண்டு வாரமாக நீ அந்தக் காருக்குப் பாலிஷ் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அந்த டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாயை மூன்று தடவை கழற்றி மறுபடி வளைத்தாய். யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் வளைவு உனக்குப் பிடிக்கவில்லை. நான் ஆய்வகத்தில் அப்படித்தான் வேலை பார்த்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ ஷெட் திறந்த நாளில் நான் சொன்னது, "தீயணைப்பான் ஒன்று வாங்கி வை" என்பது மட்டும்.

ஆறாவது. ஷெட் அலமாரியில் நீ வாங்கி வைத்திருக்கும் கேட்ச் கேன் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. வளைகாப்பு முடிந்து பொருத்திக்கொள்ளலாம் என்று ஜாபரிடம் நீ சொல்லிக்கொண்டிருந்தாய். அதை இன்றைக்கே பொருத்து. மூடியிலிருந்து வரும் குழாயை அந்த டப்பாவுக்குள் விட்டு எண்ணெயைப் பிடித்துக்கொள். டப்பாவிலிருந்து கிளம்பும் குழாயைக் காற்று வடிகட்டிக்கும் டர்போவுக்கும் நடுவில் சேர்த்துவிடு. அங்கே எப்போதும் உறிஞ்சல்தான், நீ சொன்ன திருப்பி அடிக்கும் தொல்லை இல்லை என்று படித்தேன். வாஷர்களை எடுத்துவிட்டு ரப்பர் பட்டையை மறுபடி ஒட்டு. எஞ்சினுக்குக் கொஞ்சம் சூடு கூடினால் கூடட்டும். முடித்தபின் வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, புளோயரைப் போட்டு, நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கிறேன். நீ வேண்டாம், உன் மூக்குக்கு அந்த வாடை பழகிவிட்டது. இவ்வளவும் இன்றைக்குள் முடியாது என்றால் நாளைக்கு வாடகைக் கார் சொல்லிவிடுவோம். உன் மாமனாரிடம் காரணத்தை நான் சொல்கிறேன். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை, ஆனால் சொல்கிறேன்.

இங்கே கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தபோது உன் அம்மா வளையல் தட்டோடு மேலே வந்தாள்.

"ஏங்க, காலையில இருந்து யாருக்கு எழுதிக்கினு இருக்கீங்க?"

"தம்பிக்கு."

"அவன் கீழ ஷெட்டுலதான இருக்கான்?"

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பச்சை வளையலையும் சிவப்பு வளையலையும் பிரித்துக்கொண்டே கேட்டாள். கையுறை வரும் இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. முடிந்ததும், "தலைவலி இதுல எத்தனாவதா வருது?" என்றாள்.

"ரெண்டாவது."

"அவ அந்த வண்டியில ஏறக் கூடாதுன்றது?"

"ஆறாவது."

"நல்லா இருக்குது. மொதப் பக்கத்தப் பாத்துட்டு, அப்புறமா படிக்கிறேன்பான்னு அவன் அத காருல முன்னாடி இருக்குற டப்பாவுல போட்டுக்குவான். உங்க லெட்டரும் அவளோடயே விழுப்புரம் போய்ச் சேரும்."

அவள் வளையல்களைத் தட்டில் வைத்தாள். "அன்னிக்கு நான் தூங்கலங்க. தலை கிறுகிறுன்னு வந்துச்சு, கண்ண மூடிக்கினேன். உங்க கிட்ட சொன்னா பயந்துக்குவீங்கன்னுதான் சொல்லல. அந்தப் பொண்ணும் அதுக்குத்தான் உங்க கிட்ட சிரிச்சுக்கினே பேசுது. இப்பத்தான் ஜாபர் டீ வாங்கப் போனான். தம்பி தனியா இருக்கான். ஜல்தியா போங்க."

ஆக, முதல் கருத்து தவறு. மற்ற ஐந்தும் சரியா என்று நீதான் சோதித்துச் சொல்ல வேண்டும். இது தவறு என்பதற்குச் சோதனை தேவையில்லை. தாளைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது என்று எழுதினேன். படிக்காமல் வைத்துவிட முடியும் என்பதை யோசிக்கவில்லை. உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது உனக்காகவும் இல்லை, உன் மாமனாருக்காகவும் இல்லை. உன் எதிரில் நின்று இதைச் சொல்லும் வேலையைத் தாளின் தலையில் கட்டப் பார்த்தேன்.

இந்தத் தாள்களை டிரைவர் சீட்டில் வைக்கப் போவதில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன், நடுவில் வார்த்தை தட்டுப்பட்டால் எடுத்துப் பார்த்துக்கொள்ள. கீழே நீ காரைக் கழுவும் சத்தம் கேட்கிறது. ஆறாவதை முதலில் சொல்ல வேண்டும். நான் பயப்படாத ஐட்டம் ஒன்று சொல்லச் சொல்லி நீ மறுபடியும் கேட்பாய்.

இந்தத் தடவை நான் சிரிக்கக் கூடாது.